பொத்தான் சூளையும் வோல்ட் மீட்டரும்

மாமாவுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டால் அதை நிரூபிக்கும்வரை சோறு இறங்காது. இந்தத் தடவை வந்த சந்தேகம், சுவருக்கு அந்தப் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறவர் தங்கள் வீட்டுக் கரண்டைக் குடிக்கிறார் என்பது.

ஆதாரம் இல்லாமலும் இல்லை. வேலையிலிருந்து மதியமே திரும்பிவிடுகிற நாட்களில் கூடத்து விளக்கு அழுது வடிவதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். ஃப்ரிட்ஜுக்கு வைத்த ஸ்டெபிலைசர் டக் டக் என்று சூள்கொட்டிக்கொண்டே இருக்கும். கரண்ட் பில்லும் ஏறியிருந்தது. பட்டறையில் வெல்டிங் வைத்தால் தெருவில் வோல்ட் குறையும், வோல்ட் குறைந்தால் ஃப்ரிட்ஜ் அதிகமாக இழுக்கும், அதிகமாக இழுத்தால் பில் ஏறும் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு போய், கடைசியில் கடைக்குப் போய் ஒரு வோல்ட் மீட்டர் வாங்கிவந்தார். மின்பெட்டிக்குள் மாட்டுகிற வகை. நாள் முழுக்க வோல்ட்டைக் கவனித்து, ஏற்ற இறக்கத்தைக் கோடாக இழுத்து போனுக்கு அனுப்பிவிடும். கூடவே ஒரு வளையம். வீட்டுக்கு வரும் பெரிய ஒயரைச் சுற்றி அதை மாட்டினால், வீடு எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

அந்த வளையத்துக்காகத்தான் மாமா இதைத் தேர்ந்தெடுத்தார். நம் வீடு சும்மா கிடக்கும்போதே வோல்ட் விழுகிறது என்று காட்டிவிட்டால், மின்சார ஆபீஸில் யாரும் வாய் திறக்க முடியாது அல்லவா.

மாட்டிக்கொடுக்க ஆள் தேடவும் வேண்டியிருக்கவில்லை. அவர் மனைவியின் தங்கை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன். மாமா அவளை லைன்மேன் என்றுதான் கூப்பிடுவார்.

"வாங்க லைன்மேன். ஏணி எங்கே, கம்பத்துலயே விட்டுட்டு வந்துட்டீங்களா?"

"கம்பத்துல ஏறுறவங்க வேற மாமா. நான் பெட்டியோட சரி."

தங்கை செருப்பைக் கழற்றிவிட்டு நேராக வாசலையொட்டிய நடைக்குப் போனாள். மேலே கண்ணாடி மூடிக்குள் கரண்ட் மீட்டர். அதன் திருகுகளில் மின்சார ஆபீஸ் வைத்த ஈயச் சீல் தொங்கியது. அதிலிருந்து இறங்கும் இரண்டு ஒயர்கள் கீழே வீட்டு மின்பெட்டிக்குள் போயின. பெட்டிக்கு முன்னால் ஒரு செருப்பு அலமாரி. முதலில் அதை நகர்த்தச் சொன்னாள்.

மாமா போனில் ஒரு படத்தைக் காட்டினார். வீடியோ பார்த்து அவரே போட்ட படம். மீட்டருக்குள்ளிருந்தே நேராக இரண்டு கோடுகள் இறங்கியிருந்தன.

"இது சீலுக்கு உள்ளே வருதே மாமா."

"ஆமா. மெயினை அணைச்சாலும் இது மட்டும் ஓடிக்கிட்டே இருக்கணும். அப்பதான் கணக்கு விட்டுப்போகாது."

"சீல்ல கை வைக்கக் கூடாது. அது ஆபீஸ் சொத்து. அங்க ஃபியூஸ் அவங்களோடது, நம்ம ஒயர் சுட்டுக்கிட்டா அணைக்க நமக்கு சுவிட்சே இருக்காது."

"உங்க ஆளுங்கதானே. சொன்னா கேக்க மாட்டாங்களா?"

"கேப்பாங்க. கேட்டுட்டு லைசென்ஸைப் பிடுங்கிக்குவாங்க. அப்புறம் நான் உங்க வீட்லயே வந்து உட்கார்ந்துக்கணும். பரவாயில்லையா?"

மாமா ஒரு கணம் அதை யோசித்துப் பார்த்தது போலிருந்தது. "வேணாம், வேணாம். சீல் இருக்கட்டும்," என்றார்.

மெயின் சுவிட்சுக்குப் பிறகுதான் எடுக்க வேண்டும், அதுவும் வோல்ட் மீட்டருக்கென்று தனியாக, கோளாறென்றால் தானாக அணைகிற ஒரு சின்ன பிரேக்கர் போட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று தங்கை சொன்னாள். வேலை நடக்கப்போவதை முன்கூட்டியே ஆபீஸில் தெரிவித்துவிட்டாள். முடித்ததும் கையெழுத்திட்டு ஓர் அறிக்கை கொடுக்க வேண்டும். பிறகு வளையத்தை எடுத்துத் திறந்து மூடிக் காட்டினாள். "இதுக்கு ஒயரை வெட்ட வேணாம், சுத்தி மாட்டினா போதும். ஆனா வாய் டக்குன்னு மூடணும். கொஞ்சம் திறந்திருந்தாலும் கம்மியாத்தான் காட்டும்."

தண்ணீர் கொண்டுவந்த அக்கா, மாமாவின் மனைவி, அந்த வளையத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். டம்ளரைக் கொடுக்க மறந்துவிட்டாள்.

"கொஞ்சம் உள்ளே வாயேன்," என்றாள் பிறகு. "மிக்ஸி சுவிட்ச் சரியில்ல."

சமையலறையில் மிக்ஸி சுவிட்ச் நன்றாகத்தான் இருந்தது. அக்கா அதைத் தாண்டி, பின்பக்கம் இருந்த ஸ்டோர் ரூமின் கதவைத் திறந்தாள்.

அந்த அறைக்குள் மாமா போவதில்லை. அங்கே எலி இருப்பதாக அக்கா சொல்லியிருந்தாள். ஊரிலுள்ள ஆபீஸ்களையெல்லாம் ஒரு கை பார்க்கிற மாமா, எலி என்றால் நாற்காலிமேல் ஏறிவிடுவார். உள்ளே எலி இல்லை. செங்கல் பரப்பிய தரையில், அரிசி டிரம் உயரத்துக்கு, இரும்புத் தகடு போர்த்திய ஒரு மின்சாரச் சூளை நின்றது. ஜன்னல் திறந்திருந்தது. சுவரோரப் பலகையில் தட்டுத் தட்டாகப் பீங்கான் பொத்தான்கள்: கருநீலம், கிளிப்பச்சை, தேன் நிறம். ஒவ்வொன்றிலும் நான்கு துளைகள். தங்கை ஒன்றை எடுத்து விரல்களுக்கிடையில் உருட்டினாள். ஈரம்பட்டது போல மினுங்கியது.

"நீயா செஞ்சே?"

"பின்ன எலியா? மூணு தையல் கடைக்குப் போகுது. இன்னும் கேக்கறாங்க."

சூளை மதியம் முழுக்க எரிய வேண்டும், நடுவில் அணைத்தால் மினுக்கு ஏறாமல் பாழாகிவிடும் என்றாள் அக்கா. மாமா வேலைக்குப் போன பிறகு போட்டு, அவர் வருவதற்குள் முடித்துவிடுவாளாம். அவர் சீக்கிரம் வந்துவிட்ட நாட்களில் கூடத்து விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம். "இன்னிக்குகூட அடுக்கி வச்சுட்டேன். லீவு போட்டுட்டு உட்காருவார்னு யார் கண்டா?"

தங்கைக்கு எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது. விளக்கு, ஸ்டெபிலைசர், பில், பட்டறைக்காரர்.

"மாமாகிட்ட சொல்லிட வேண்டியதுதானே?"

"சொன்னா என்ன செய்வார், திட்டுவாரா? திட்டினா பரவாயில்லயே. சிரிப்பார்."

அது உண்மைதான். முன்பு அக்கா மெழுகுவர்த்தி செய்து விற்கப் பார்த்தாள். கோடை வெயிலில் அத்தனையும் இடுப்பு ஒடிந்து குனிந்துவிட்டன. மாமா ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் மட்டும், "எங்க வீட்ல மெழுகுவர்த்திக்குக்கூட மரியாதை தெரியும். யார் வந்தாலும் வணக்கம் வைக்கும்," என்று ஆரம்பிப்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். அக்காவும் சிரிக்க வேண்டியிருக்கும். அந்தக் கதை போகாத வீடு சொந்தத்தில் இல்லை. அக்கா அதற்குப் பிறகு மெழுகைக் கையால் தொடவில்லை.

"இது ஒண்ணாவது கதையாகாம இருக்கட்டும்டி," என்றாள் அக்கா. "அந்த வளையத்தை மாட்டாதே."

"அதுக்காகத்தானே அவர் வாங்கினதே."

"அப்ப மாட்டு. வாயை மட்டும் மூடாம விட்டுடு."

"விட்டா என்ன காட்டும் தெரியுமா? வீடு சும்மா கிடக்கு, வோல்ட் மட்டும் விழுதுன்னு காட்டும். அதைத் தூக்கிக்கிட்டு மாமா நேரா ஆபீஸுக்குப் போவார். பட்டறைக்காரர் தலையிலதான் விடியும்."

"வந்து பார்ப்பாங்க, போவாங்க. அவருக்கு என்ன ஆயிடும்?"

"அதுக்குக் கீழே என் கையெழுத்து இருக்கும்."

"உன் கையெழுத்து பெருசா, அக்கா பெருசா?"

தங்கை பொத்தானைத் தட்டில் வைத்தாள். அது உருண்டு மற்றவற்றோடு சேர்ந்துகொண்டது.

"நான் வாயைத் திறந்து யார்கிட்டயும் எதுவும் சொல்ல மாட்டேன்," என்றாள். "ஆனா வளையத்தைச் சரியாத்தான் மாட்டுவேன்."

"இதுக்கு நீ சொல்லியே தொலைக்கலாம். உனக்கென்ன, உன் வேலையைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டாங்க. தொட்டா ஷாக்கடிக்கும்னு பயம் இருக்கு."

அக்கா கதவைச் சாத்திவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தங்கை நடைக்குத் திரும்பினாள்.

மெயின் சுவிட்சை அணைத்து, பிடியில் ஒரு சின்னப் பூட்டு மாட்டி, சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"நம்ம வீட்டுக்கு நம்மகிட்டயே பூட்டா? இங்க யார் திருடன்?"

"திருடனுக்குப் பயந்து பூட்டல மாமா. ஆர்வத்துக்குப் பயந்துதான்."

பெட்டியின் மூடியைத் திறந்தாள். சுவிட்சை அணைத்தாலும் அதன் மேல்முனையில் கரண்ட் இருக்கும். அது மீட்டரிலிருந்து நேராக வருவது. டெஸ்டரை முதலில் அங்கே வைத்தாள், எரிந்தது. கீழ்முனைகளில் வைத்தாள், எரியவில்லை. மறுபடி மேலே வைத்தாள், எரிந்தது. டெஸ்டர் பொய் சொல்லவில்லை என்று தெரிந்த பிறகு மேல்முனைகளை ரப்பர் உறையால் மூடினாள். மாமா இவ்வளவையும் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வாசலுக்கு வெளியே, மதில் சுவருக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. பட்டறைக்காரர். வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தார்.

"உங்க வீட்ல கரண்ட் இல்லையா? எங்களுக்கு இருக்கே."

"உங்களுக்கு இல்லாம போகுமா," என்றார் மாமா.

பட்டறைக்காரர் அதை நல்லெண்ணமாகவே எடுத்துக்கொண்டார். "ஒயர் வேணும்னா கேளுங்க. இங்கிருந்து இழுத்துக்கலாம்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

தங்கை பெட்டிக்குள் விளக்கடித்தாள். கரண்ட் திரும்பிப் போகிற வழியான வீட்டின் நியூட்ரல் ஒயர்கள் எல்லாம் ஒரு பித்தளைக் கட்டையில் வந்து சேர்ந்திருந்தன. அதில் மெயினிலிருந்து வரும் பெரிய ஒயரின் உறை பழுப்பேறி, விளிம்பில் கருகியிருந்தது. கருகிய பிளாஸ்டிக் வாடை. திருகில் ஸ்க்ரூடிரைவரை வைத்தாள்; அழுத்தாமலேயே சுற்றியது.

இந்தத் திருகை நம்பித்தான் பின்னறையில் மதியம் மதியமாகச் சூளை எரிந்திருக்கிறது. இன்னும் எத்தனை பொத்தானுக்கு இது தாங்கியிருக்கும் என்று சொல்ல முடியாது.

"மாமா, இங்க பாருங்க. வோல்ட் விழுந்தது இதுல. தெருவுலயும் இல்ல, பட்டறையிலயும் இல்ல. திருகு லூஸ்."

மாமா குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். முகத்தில் ஏமாற்றம் அப்பியிருந்தது. பிறகு நிமிர்ந்து, "சரி. திருகு லூஸ்னா சும்மா கருகுமா? இழுத்தாதானே கருகும்?" என்றார்.

"ஆமா. நிறைய இழுத்தாதான்."

"நம்ம வீட்ல நிறைய இழுக்க என்ன இருக்கு? ஒரு ஃப்ரிட்ஜ், நாலு ஃபேன்."

தங்கை கருகிய நுனியை வெட்டினாள், புதிதாக உரித்தாள்.

"அப்போ நம்ம பெட்டியிலிருந்தே எவனோ ஒயர் இழுத்திருக்கான்," என்றார் மாமா, குரலைத் தாழ்த்தி. "இப்பதான் எட்டிப் பார்த்துட்டுப் போனாரு. ஒயர் வேணுமான்னு வேற கேக்கறாரு. வளையத்தை மாட்டு நீ. நாளைக்கே ஆபீஸுக்குப் போறேன். இது வோல்ட் கேஸ் இல்ல, திருட்டுக் கேஸ்."

சமையலறை வாசலில் அக்கா நின்றிருந்தாள். கையில் கரண்டி அப்படியே இருந்தது.

தங்கை நியூட்ரலை இறுக்கினாள். சின்ன பிரேக்கரைப் பெட்டிக்குள் இருந்த இரும்புத் தண்டில் மாட்டினாள், அதன் பக்கத்தில் வோல்ட் மீட்டரை. மெயினுக்குக் கீழிருந்து பிரேக்கருக்கு ஓர் ஒயர், அங்கிருந்து மீட்டருக்கு ஒன்று, பித்தளைக் கட்டையிலிருந்து ஒன்று. இழுத்துப் பார்த்தாள், எதுவும் கழன்று வரவில்லை. கடைசியாக வளையம். பெரிய ஒயரைச் சுற்றிக் கொண்டுபோய், இரண்டு விரலால் அழுத்தினாள். டக். அவ்வளவு சின்னச் சத்தம். அக்கா வரைக்கும் கேட்டது என்பது திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது.

ரப்பர் உறையை எடுத்து, மூடியைப் பொருத்தி, பூட்டைக் கழற்றி, மெயினைப் போட்டாள். மீட்டரில் இருநூற்று முப்பத்தொன்று என்று எண் வந்தது. மாமாவின் போனிலும் வந்தது. மாமா குழந்தை போல அந்த எண்ணைத் தொட்டுப் பார்த்தார்.

"முடிஞ்சுதா? கையெழுத்துப் போடு."

"இல்ல மாமா. கருகின ஜாயிண்டை மாத்தியிருக்கேன். லோடு போட்டு, சூடாகாம நிக்குதான்னு பார்க்காம கையெழுத்துப் போட முடியாது."

"இஸ்திரிப்பெட்டி போடட்டுமா?"

"அது அணைஞ்சு அணைஞ்சு எரியும். அரை மணி நேரமாவது விடாம இழுக்கற சாமான் வேணும்."

"அப்படி நம்ம வீட்ல எதுவும் இல்லையே."

தங்கை அக்காவைப் பார்க்கவில்லை. பார்த்தால் அதுவே சொன்ன மாதிரி. கருவிகளைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டே, "அவசரமில்ல. அடுத்த வாரம் நானே ஒரு பெரிய ஹீட்டர் எடுத்துட்டு வர்றேன். அப்ப பார்த்து கையெழுத்துப் போடறேன். அதுவரைக்கும் விளக்கு, ஃபேன், ஃப்ரிட்ஜ் தவிர எதுவும் போட வேணாம்," என்றாள்.

அக்காவுக்கு வழி திறந்துதான் இருந்தது. ஒரு வாரம் சூளையைப் போடாமல் இருந்தால் போதும். அதற்குப் பிறகு? அதற்குப் பிறகு மாமாவின் போனில் ஒவ்வொரு மதியமும் ஒரு மலை எழும்பும். அல்லது அதற்கு முன்பே, நாளைக் காலையில், அவர் திருட்டுக் கேஸோடு கிளம்புவார்.

அக்கா கரண்டியை மேடையில் வைத்தாள். பின்பக்கம் போனாள். கதவு திறக்கிற சத்தம் கேட்டது. ஏதோ ஒரு குமிழ் திரும்புகிற சத்தம். பிறகு தேனீக்கூட்டம் மாதிரி ஒரு மெல்லிய ரீங்காரம்.

மாமாவின் போனில் கோடு சுவர் ஏறுவது போல நேராக மேலே ஏறியது.

"ஏய், என்ன இது? எங்கிருந்து இழுக்குது?"

அவர் போனைப் பிடித்துக்கொண்டே சத்தம் வந்த பக்கம் நடந்தார். ஸ்டோர் ரூம் வாசலில் நின்றுவிட்டார். கால் உள்ளே போகவில்லை.

"எலி?"

"எலி இல்ல," என்றாள் அக்கா. "எப்பவுமே இல்ல. உள்ள வாங்க."

மாமா வந்தார். சூளையைப் பார்த்தார், செங்கல்லைப் பார்த்தார், தட்டுகளைப் பார்த்தார். ஒரு கிளிப்பச்சைப் பொத்தானை எடுத்துத் தன் சட்டைமேல் வைத்துப் பார்த்தார். அவருடைய இடது புருவம் மெல்ல மேலே போயிற்று. ஒரு கதை உருவாகும்போதெல்லாம் அது அப்படித்தான் போகும். வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும்.

"சிரிக்கறதுன்னா இப்பவே சிரிச்சு முடிச்சிடுங்க," என்றாள் அக்கா.

"சிரிக்கல."

"புருவம் போகுதே."

மாமா கையால் புருவத்தைத் தடவிக்கொண்டார். "மதியம் மதியம் விளக்கு மங்கினது?"

"நான்தான்."

"பில்லு?"

"அதுவும் நான்தான். போன மாசத்துலருந்து அதுக்கான பணத்தை, பலகை மேல அந்த டப்பாவுல நீங்க பார்க்காம எடுத்து வச்சிருக்கேன். கேட்டா கொடுக்கலாம்னு."

மாமா டப்பாவின் பக்கம் திரும்பவில்லை. "நாளைக்கு நான் ஆபீஸுக்குப் போயிருந்தா…"

"அவங்க உங்களைப் பார்த்துச் சிரிச்சிருப்பாங்க. நானும் பக்கத்துல நின்னு சிரிச்சிருக்கணும். எனக்குப் பழக்கம்தான்."

அக்கா இதைச் சண்டைக்குச் சொல்லவில்லை. பருப்பு வெந்துவிட்டது என்கிற மாதிரி சொன்னாள். மாமா கையிலிருந்த பொத்தானைத் தட்டில் திருப்பி வைத்தார். சூளை ரீங்கரித்துக்கொண்டிருந்தது.

"இது சூடு ஆறித் திறக்கற வரைக்கும் வெளியில யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது," என்றாள் அக்கா. "அதுக்கப்புறமும் நான் சொல்றவங்ககிட்டதான்."

"எப்ப ஆறும்?"

"நாளைக்கு."

"நாளைக்கா," என்றார் மாமா. அது அவருக்கு ரொம்ப தூரம்.

அரை மணி நேரம் கழித்து, தங்கை கையுறை மாட்டிக்கொண்டு பெட்டியின் மூடியைத் திறந்து, தொடாமலே சூடு பார்க்கிற கருவியைப் பித்தளைக் கட்டைக்கு நேராக நீட்டினாள். கை வைத்தால் தாங்குகிற சூடுதான். மீட்டரில் வோல்ட் இரண்டு மூன்று மட்டும் இறங்கி, அங்கேயே நின்றது. கூடத்து விளக்கு அசையவில்லை. சூளைக்குத் தனி லைன் இழுத்து, அதற்கென்று ஒரு பிரேக்கர் போட வேண்டும் என்று அக்காவிடம் சொன்னாள். அக்கா தலையாட்டினாள்.

தங்கை மூடியைத் திருகிவிட்டு, செருப்பு அலமாரியின் மேல் அறிக்கையை வைத்து எழுத ஆரம்பித்தபோது, சுவருக்கு மேலே மறுபடியும் அந்தத் தலை.

"வந்துடுச்சா? என்னவாம் கோளாறு?" என்றார் பட்டறைக்காரர்.

மாமா சுவரருகே போனார். ஸ்டோர் ரூம் ஜன்னல் அந்தப் பக்கம்தான் திறந்திருந்தது. அவர் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டார். கதை சொல்லும்போது அவர் நிற்கிற நிலை அது. புருவம் போயிற்று. வாய் திறந்தது.

"நியூட்ரல் லூஸ்," என்றார்.

பட்டறைக்காரர் மேலும் வரும் என்று காத்திருந்தார். அவரும் மாமாவின் கதைகளைக் கேட்டுப் பழகியவர்தான். "அவ்வளவுதானா?"

மாமா முழங்கையைச் சுவரிலிருந்து எடுத்தார். "அவ்வளவுதான்."

ஜன்னலுக்கு உள்ளே அக்கா சூளையின் குமிழை அடுத்த சூட்டுக்குத் திருப்பினாள்.